துரையும் ஓசியும்

துரை அன்று காலை வாய் திறக்க மறுத்துவிட்டார்.

துரை என்றதும் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். வாத்தியாரின் கணினியில் குடியிருந்த கணித மென்பொருளுக்கு அந்த வீட்டில் வழங்கிய பெயர் அது. வைத்தவன் வாத்தியாரின் மனைவி தையலக்காவின் தம்பி. கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை, வாயைத் திறந்தால் கிண்டல். ஆனால் பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருந்தான். அந்த மென்பொருளுக்கு இடுகிற கட்டளையெல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். சூத்திரத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்துத்தான் நீட்ட வேண்டும். கொஞ்சம் மரியாதை குறைந்தாலும் சிவப்பு எழுத்தில் எரிந்து விழும். போதாததற்கு ஆண்டுதோறும் கப்பம் வேறு, யானை விலை. வாத்தியார் வேலை பார்த்த கல்லூரி அதைக் கட்டிவந்ததால் வீட்டில் யாருக்கும் அந்த வலி தெரிந்ததில்லை.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வந்து பாரேன்" என்று வாத்தியார் கூப்பிட்டபோது தையலக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்திவிட்டு எழுந்து போனாள். திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். உரிமம் முடிந்துவிட்டது என்று போட்டிருந்தது. வாத்தியார் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் மாட்டிக்கொண்ட மாணவனைப் போல உட்கார்ந்திருந்தார்.

"நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க. அதுக்குத்தான் இன்னைக்கு உடம்பு சரியில்லை" என்றாள். அதற்கு அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

வாத்தியாருக்கு மறதி நோய். முதலில் சாவி எங்கே என்பது மறந்தது. பிறகு தெரு மறந்தது. ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் பாதிச் சமன்பாட்டை எழுதிவிட்டு, மீதியை எழுத வேறு யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல ஒதுங்கி நின்றாராம். கல்லூரி மரியாதையாக மாலை போட்டு முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவைத்தது. இப்போது சாப்பிட்டாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. தான் கடன்பட்டுக் கட்டிய வீட்டில் குளியலறை எந்தப் பக்கம் என்று கேட்பார். கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்படுவார்.

ஆனால் காலையில் கஞ்சி குடித்ததும் கணினி முன்னால் உட்கார்ந்தாரானால் அவர் பழைய வாத்தியார்தான். விரல்கள் தாமாக ஓடும். இடது கை ஷிஃப்டை அழுத்திப் பெரிய எழுத்தில் தொடங்க, வலது கை சதுர அடைப்பைத் திறக்கும். திரையில் ஒரு வளைவு எழுந்து வரும். எங்கே வளைகிறது, எங்கே நிமிர்கிறது, ஏன் என்று அவளுக்கு விளக்குவார். அவளுக்குப் பாதி புரியாது. அந்த நேரத்தில் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அது போதும் அவளுக்கு.

பள்ளிச் சீருடை தைப்பதுதான் அவள் பிழைப்பு. சட்டைக் கையை உடம்போடு சேர்க்கும் வளைவில் தையல் பிடித்து இழுக்கிறது என்று எப்போதோ ஒருநாள் அவரிடம் அலுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவருக்கு அது ஒரு பிடிவாதம். கை வளைவுக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்தே தீருவேன் என்று ஆரம்பித்தவர் இன்றுவரை விடவில்லை. நேற்று வரைந்தது மறந்துபோவதால் ஒவ்வொரு நாளும் புதிதாக வரைவார். அவற்றில் ஒன்றைக்கூட அவள் துணியில் வெட்டிப் பார்த்ததில்லை. அட்டையில் வெட்டிவைத்த அச்சு அவளுக்கு இருந்தது. ஆனாலும் தினமும், "நேத்து நீங்க குடுத்ததை வெச்சுத்தான் தைச்சேன், அப்படியே உட்கார்ந்துடுச்சு" என்பாள். அவர் முகம் மலர்ந்துவிடும். இந்தப் பொய்யைச் சொல்லவும் அவளுக்குக் கூசியதே இல்லை.

டாக்டர் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

"மனசுல இருக்கிறது முன்னாடி போயிடும்மா, கையில இருக்கிறது கடைசியாத்தான் போகும். அவரு கை அந்த மெஷின்ல ஓடுற வரைக்கும் உங்க வீட்டுக்காரரு உங்களோட இருப்பாரு. அது மட்டும் நின்னுடாம பாத்துக்குங்க. நின்னுச்சுன்னா மத்ததெல்லாம் மளமளன்னு இறங்கிடும்."

அதனால்தான் அந்தச் சாம்பல் கட்டத்தைப் பார்த்ததும் அவள் அன்று தையலுக்குத் திரும்பவில்லை. மறுநாள் வாத்தியாரைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள். துறைத் தலைவி வாத்தியாருக்குக் கீழே வேலை பார்த்து மேலே வந்தவள், நல்ல மாதிரி. நாற்காலி இழுத்துப் போட்டு, டீ வரவழைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை உருட்டினாள். விஷயம் இதுதான். துறை முழுக்க அந்த மென்பொருளைக் கைவிட்டு, காசு கேட்காத ஒன்றுக்கு மாறிவிட்டது. எல்லார் கணக்கும் மூடியபோது வாத்தியாரின் கணக்கும் மூடிவிட்டது.

"அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே. இதை முதமுதல்ல சொன்னதே சார்தான். நல்லா இருந்தப்ப, மீட்டிங்ல எழுந்து நின்னு சொன்னாரு. வீட்ல வாங்க வக்கில்லாத பிள்ளைங்க இங்க வந்து இதைத் தொட்டுப் பார்த்துட்டுப் போய் என்ன பண்ணுவாங்க, இலவசமா இருக்கிறதைக் கத்துக்குடுங்கன்னாரு. எங்களுக்குத்தான் இத்தனை வருஷம் ஆச்சு."

அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். கோபப்படக்கூட ஆளில்லாமல் டீயைக் குடித்து முடித்தாள். தனி ஆள் வாங்கிக்கொள்ள முடியாதா என்று கேட்டதற்குத் துறைத் தலைவி முடியும் என்று சொல்லி, விலையையும் சொன்னாள். தையலக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தம்பிதான் அந்த இலவச மென்பொருளைக் கொண்டுவந்து ஏற்றினான். "இதுவும் அதே கணக்கைத்தான்க்கா போடும், நயா பைசா செலவில்லை" என்று சொல்லி, ஏற்றி முடிப்பதற்குள் அதற்கு ஓசி என்று பெயரும் வைத்துவிட்டான். வாத்தியார் ஆவலாக வந்து உட்கார்ந்தார். பழக்கப்படி பெரிய எழுத்தில் தொடங்கினார், சதுர அடைப்பைத் திறந்தார், மூடினார், பொத்தானை அழுத்தினார். வளைவுக்குப் பதிலாக ஒரு வரி வந்தது: பிழை. திரும்பப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. திரும்ப அடித்தார். திரும்பப் பிழை.

"மாமா, இது வேற ஆளு. இதுக்குச் சின்ன எழுத்து போதும். அடைப்பு வளைஞ்ச அடைப்பு. கடைசியில ஒரு அரைப்புள்ளி வைக்கணும், வெச்சாத்தான் பேசி முடிச்சீங்கன்னு அதுக்குத் தெரியும்" என்று தம்பி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான்.

வாத்தியார் அவன் சொன்னபடி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். வளைவு வந்தது. ஆனால் எப்போதும் வரும் பேச்சு வரவில்லை. எங்கே வளைகிறது என்று அவர் விளக்கவில்லை. நெற்றி வியர்த்து, களைத்துப்போய், படுத்துக்கொள்கிறேன் என்று எழுந்து போனார்.

மறுநாள் காலை அவருக்கு ஓசி வந்ததும் நினைவில்லை, துரை போனதும் நினைவில்லை. உட்கார்ந்தார், பெரிய எழுத்து, சதுர அடைப்பு, பிழை. "நான் என்னம்மா தப்பு பண்றேன்?" அதற்கடுத்த நாளும் அதே. தினம் தினம் ஒரு மனிதர் புதிதாகத் தோற்றுப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது என்ன கொடுமை என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் சொல்லத் தெரியும். தப்பு உங்க மேல இல்லைங்க, மெஷின் மாறிடுச்சு என்று அவளும் தினமும் சொன்னாள். மாறியதை நான் எப்படி மறந்தேன் என்று அவர் கேட்பார். திரையின் ஓரத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிப் பார்த்தாள். சீட்டைப் படித்துவிட்டு விசைப்பலகைக்குக் கண் இறங்குவதற்குள் படித்தது போய்விடும்.

ஆகவே கூடவே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். சின்ன எழுத்து. வளைஞ்ச அடைப்பு. கடைசியில அரைப்புள்ளி. குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல ஒரே ராகத்தில், காலை முழுக்க.

இதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பள்ளி திறக்கப்போகும் நேரத்து மழை, விட்டு விட்டுப் பெய்து உயிரை எடுத்தது. துணி நமுத்துப்போய் ஊசிக்கடியில் வழுக்காமல் ஒட்டியது. கட்டம் போட்ட சட்டைத் துணியில் பைக் கட்டமும் மார்புக் கட்டமும் நேராக வர வேண்டும். ஈரத்தில் துணி இழுபட்டு ஒரு நூல் தள்ளிப்போனால் பிரித்துத் தைக்க வேண்டியதுதான். வெட்டிய சட்டைக் கைகள் ஒரு மூட்டை, காலர்கள் ஒரு மூட்டை, பொத்தானுக்குக் காஜா எடுக்க வேண்டியவை கட்டில் மேலே. சமையலென்று ஒன்று நடந்தது. சோறும் அவித்த முட்டையும், முட்டை இல்லாத அன்று உருளைக்கிழங்கு. வேலை கொடுத்த துணிக்கடைக்காரர் இரண்டு முறை ஆளனுப்பி, மூன்றாம் முறை தாமே குடையோடு வந்து நின்றார்.

"உங்களால முடியலைன்னா சொல்லிடுங்கம்மா, வேற இடம் பாத்துக்கறேன்" என்றார்.

அவர் மிரட்டத்தான் வந்தார். ஆனால் அவள் அந்த நிமிடத்தில் வேறு கணக்குப் போட்டாள். இப்படித் தினம் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் அவருக்கும் ஏறப்போவதில்லை, தையலும் நடக்கப்போவதில்லை. துரையைத் திரும்ப அழைத்துவந்துவிட்டால் அவர் பழைய வாத்தியாராகிவிடுவார். கையில் இருப்பது கடைசிவரை போகாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பணம்தானே வேண்டும்? கடைக்காரரிடம் இன்னொரு பள்ளியின் சீருடையையும் சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் குடையை மடக்கி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

அதிலிருந்து அவள் இருப்பு முன்னறையில் தையல் இயந்திரத்தின் முன்னால் என்றாகிவிட்டது. வாத்தியார் உள்ளறையில் தனியாக. முதல் சில நாட்கள் நிமிடத்துக்கொரு தரம் "ஏம்மா" என்று குரல் வரும். அவள் காலை மிதிப்பலகையிலிருந்து எடுக்காமலே பதில் கொடுப்பாள்: சின்ன எழுத்துங்க, வளைஞ்ச அடைப்பு, அரைப்புள்ளி. எதிர்வீட்டுக்காரியே ஒருநாள், உங்க அரைப்புள்ளி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு என்று சொல்லிச் சிரித்தாள்.

போகப் போகக் கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றே போனது.

அந்த அமைதி அவளை அரித்தது. சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் சத்தமில்லாமல் போனால் என்ன அர்த்தம்? டாக்டர் சொன்ன இறக்கம் தொடங்கிவிட்டது என்றுதான் நினைத்தாள். சோறு கொண்டுபோகும்போது பார்ப்பாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டைக் கண்டதும் எழுந்து வந்துவிடுவார். பக்கத்தில் போய்த் திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெற்றுத் திரையை வெறித்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் கண்ணால் கண்டுவிட்டால் அப்புறம் தன்னால் ஒரு தையல்கூடப் போட முடியாது என்று பயந்தாள். ஒருநாள் அவரே வாசற்படியில் வந்து நின்று, "வந்துடுச்சும்மா, பாரேன்" என்றார். அவள் வாயில் நாலைந்து குண்டூசி. கடைக்காரரின் ஆள் மூட்டைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தான். அப்புறம் வருகிறேன் என்று தலையை ஆட்டினாள். அவள் போவதற்குள் அவர் என்ன வந்தது என்பதை மறந்து தூங்கிப்போயிருந்தார்.

அவள் இன்னும் வேகமாக மிதித்தாள். இடுப்பு விட்டுப்போனது, கண் எரிந்தது, ஆள்காட்டி விரலில் ஊசி ஏறிப் பழுத்தது. எப்படியோ இரண்டு பள்ளிக்கும் தைத்துக் கொடுத்து முடித்தாள். பணம் கைக்கு வந்த அன்றே தம்பியைக் கூப்பிட்டாள். அவன் ஒருமுறைதான் தயங்கினான். ஓசி பழகிட்டாரான்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்கலாமே அக்கா என்றான். பார்த்தாச்சு, போதும், அவர் வாயடைச்சுப் போயிட்டார் என்று அவள் சொல்லிவிட்டாள்.

துரை திரும்பி வந்த காலை மழை விட்டிருந்தது. அவள் வாத்தியாருக்குத் தானே சவரம் செய்துவிட்டாள். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். தம்பி நாற்காலியைத் துடைத்து, "மாமா, துரை வந்துட்டாரு, வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டான். பழைய முகப்பு திரையில் திறந்திருந்தது. அவளுக்கு அதைப் பார்த்தே நெஞ்சு நிறைந்துவிட்டது.

வாத்தியார் உட்கார்ந்தார். இரண்டு கையையும் விசைப்பலகை மேல் வைத்தார், விரல்கள் ஓடின. எத்தனையோ நாளாக அவள் பார்த்திராத ஓட்டம் அது. தயங்கவில்லை, தேடவில்லை. கடைசிப் பொத்தானைப் பாடகர் தாளம் முடிப்பதுபோலத் தட்டி முடித்து, அவளைப் பார்க்கத் திரும்பினார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். அதே வேகம், அதே சிவப்பு. மூன்றாம் முறை கொஞ்சம் மெதுவாக. தம்பி குனிந்து திரையைப் படித்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் கிண்டல் செத்துப்போயிருந்தது.

"அக்கா, இது ஓசிக்குப் போடுறது. சின்ன எழுத்து, வளைஞ்ச அடைப்பு, கடைசியில அரைப்புள்ளி. ஒரு எழுத்து தப்பில்லைக்கா. கத்துக்கிட்டாருக்கா."

கூப்பிடுவதை நிறுத்தியது எதனால் என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளறையில் அவர் இறங்கிக்கொண்டிருக்கவில்லை. யாரும் பக்கத்தில் இல்லாமல், எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாத ஒரு மனிதர், விரல்களை மட்டும் வைத்துக்கொண்டு ஏறி வந்திருக்கிறார். பாரேன் என்று வந்து கூப்பிட்டும் இருக்கிறார். அவள் போகவில்லை. பாவி, நான் போகவில்லையே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

பதற்றத்தில் அவள் இன்னொரு தப்பும் செய்தாள். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "சதுர அடைப்பு போடுங்க, பெரிய எழுத்துல ஆரம்பிங்க, அரைப்புள்ளி வேண்டாம்" என்றாள்.

வாத்தியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நம்பியவர்கள் பார்க்கும் பார்வை.

"நீதானேம்மா வளைஞ்ச அடைப்புன்னு சொன்னே? தினமும் சொன்னியே."

நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லாதவருக்கு அது நினைவிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தம்பி அவசர அவசரமாகத் துரையை மூடி ஓசியைத் திறந்துவைத்தான். "மாமா, இப்பப் போடுங்க, முன்ன போட்ட மாதிரியே போடுங்க" என்று கெஞ்சினான். வாத்தியார் கையை வைத்தார். இந்த முறை விரல்கள் நின்று யோசித்தன. பெரிய எழுத்தில் தொடங்கி, அழித்து, சின்ன எழுத்தாக்கினார். சதுர அடைப்பைத் திறந்தார். உள்ளே எழுதினார். வளைந்த அடைப்பால் மூடினார். பிழை. வளைந்த அடைப்பைத் திறந்து சதுரத்தால் மூடினார். பிழை. அரைப்புள்ளியை முன்னால் வைத்துப் பார்த்தார். இரண்டில் எந்த வழியில் போகிறோம் என்பது கைக்கு விட்டுப்போயிருந்தது. இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர் யார் சொன்னதையும் செய்து பார்த்தார், மறுக்கவே இல்லை. கடைசியில் விசைப்பலகையை இரண்டு அங்குலம் தள்ளி வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

மறுநாளும் அதற்கடுத்த நாட்களிலும் அவர் கணினிப் பக்கம் போகவில்லை. கைபிடித்து அழைத்துக்கொண்டு போய் உட்காரவைத்தால் உட்காருவார். கையை மட்டும் மேலே தூக்க மாட்டார். டாக்டர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். துரையும் இருந்தது, ஓசியும் இருந்தது. தம்பி வந்து ஒன்றை மாற்றி ஒன்றைத் திறந்துவைத்துப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவான்.

ஒரு வாரம் போயிருக்கும். பிற்பகல், மழை திரும்பவும் வந்துவிட்டிருந்தது. தையலக்கா ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தாள். வாத்தியார் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். முன்னறையில் சுவரோரம் இருந்த ஸ்டூலின் மேல் கிடந்த துணிகளைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்து, பக்கத்தில் நின்றார். அவள் எழுந்து துணியை எடுத்து இடம் செய்துகொடுத்தாள். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

"உள்ள ஒரு மெஷின் இருக்குங்க. யாரோ வாத்தியாரோடது போல. நானும் தொட்டுப் பார்த்தேன், எனக்கு அது தெரியலை. அவர் வந்தார்னா சொல்லணும், எதையாவது கெடுத்துட்டேனோ என்னவோ."

அவருக்கு அவள் ஒருநாளும் நீங்களாக இருந்ததில்லை.

"நீங்க ஒண்ணும் கெடுக்கலைங்க" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவராக இருக்குமோ என்பதுபோல எட்டிப் பார்த்தார். பிறகு, வழியில் கூட வந்து உட்கார்ந்தவரிடம் பேச்சுக்கொடுப்பதுபோல, மரியாதையாகக் கேட்டார்.

"நீங்களும் அவரைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கீங்களா?"

அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க" என்றாள்.

"வந்துடுவார்" என்று அவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.